பிரெஞ்சில் எண்கள்: சொல்லவும், கேட்டதும் எழுதவும்

பிரெஞ்சு வகுப்பில் முதல் வாரமே ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்க வைத்துவிடுவார்கள். தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறவர்கள்கூட ரொட்டிக்கடையில் விலை சொன்னதும் விழிக்கிறார்கள். வரிசையாகச் சொல்லும்போது அடுத்த எண் எதுவென்று நமக்கு முன்பே தெரியும். கடையிலோ மருத்துவரின் வரவேற்பறையிலோ எண் எங்கிருந்தோ வந்து விழுகிறது, பிடிப்பதற்குள் போய்விடுகிறது. பிரான்சுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் வரப்போகிறவர்களுக்கும் முதலில் பழக வேண்டியது காதுதான். எழுத்துக்கூட்டலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே கஷ்டம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2-12, 3-13, 6-16 என்ற மூன்று ஜோடிகள். இந்த ஆறு எண்களைக் காது பிரித்துக் கேட்கத் தொடங்கினால் விலை, நேரம், தொலைபேசி எண் எல்லாவற்றிலும் பாதித் தடுமாற்றம் போய்விடும். அறுபதுக்கு மேலே போனாலும் தொல்லை கொடுப்பவை இதே ஜோடிகள்தான்.

முதல் படி: பதினாறு வரை

ஃஸெரோ, அன், தெ, த்ருவா, காத்ர், ஸேங்க், ஸீஸ், ஸெத், உயித், நெஃப், தீஸ். இது பத்து வரை. பிறகு ஓன்ஃஸ் (11), தூஃஸ் (12), த்ரெஃஸ் (13), காதோர்ஃஸ் (14), கேன்ஃஸ் (15), ஸெஃஸ் (16).

தமிழெழுத்தில் எழுதியதை எப்படி வாசிப்பது என்று நான்கு குறிப்புகள். ஃஸ என்று போட்டிருக்கும் இடத்தில் தொண்டையில் கை வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். வெறும் ஸ-வில் அதிர்வு இல்லை. தமிழில் இந்த இரண்டுக்கும் வேறுபாடு இல்லாததால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் பதினொன்று முதல் பதினாறு வரை ஆறு எண்களும் ஃஸ்-இல்தான் முடிகின்றன. கடைசியில் அந்த அதிர்வு கேட்டால், அது பதினொன்றுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட எண்ணாக இருக்க வாய்ப்பு மிகுதி.

ன் வரும் இடங்களில் நாக்கு மேலே தொடக்கூடாது. மூச்சு மூக்குவழியே போக, சொல் அப்படியே நிற்க வேண்டும். வேன் (20) என்பதை நாம் வண்டியைச் சொல்வதுபோலத் தொடங்கி, ன் வருவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

தெ (2) நம்மிடம் இல்லாத ஒலி. உதட்டை ‘உ’ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு, உள்ளே ‘ஏ’ சொல்லிப் பாருங்கள். அதுதான். தூஃஸ் (12) என்பதில் இருப்பது நம் ‘ஊ’.

நான்காவது, மெய்யில் முடியும் சொல்லோடு நம் நாக்கு தானாகவே ஓர் ‘உ’வைச் சேர்க்கும். ‘ஸெத்து’, ‘தூஸு’ என்று வரும். இந்த உகரத்தை விட்டொழிப்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். பிரெஞ்சில் எண்ணின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் உகரம் வந்தால் எதிரில் நிற்பவருக்கு எண் உடைந்து கேட்கும்.

இரண்டாம் படி: எண் தனியாக வருவதில்லை

பாடப்புத்தக அட்டவணையில் ஆறு என்றால் ஸீஸ். கடையில் ஆறு ரொட்டி கேட்கும்போது அது ‘ஸீ பாகெத்’. ஆறு மணி என்றால் ‘ஸீஃஸெர்’. ஒரே எண்ணுக்கு மூன்று உருவம்: தனியே நின்றால் ஸீஸ், அடுத்து மெய் வந்தால் ஸீ, உயிர் வந்தால் ஸீஃஸ். பத்தும் அப்படியே: தீஸ், தீ, தீஃஸ். உயித் (8) மெய்க்கு முன் தன் கடைசி ஒலியை இழந்து ‘உயி’ ஆகும். நெஃப் (9) மணிக்கும் வயதுக்கும் முன் வ் ஆகிறது: ‘நெவெர்’ ஒன்பது மணி, ‘நெவான்’ ஒன்பது வயது. தனியே நிற்கையில் ஒலிக்காத த் ஒன்று வேனிலும் ஸானிலும் (100) ஒளிந்திருக்கிறது; உயிர் வந்தால் வெளியே வரும். ‘வேன்தெரோ’ 20 யூரோ, ‘ஸான்தெரோ’ 100 யூரோ.

இப்போது அந்த மூன்று ஜோடிகளுக்கு வருவோம். தெ, த்ருவா இரண்டும் உயிருக்கு முன் ஒரு ஃஸ்-ஐச் சேர்த்துக்கொள்கின்றன. யூரோவும் உயிரில் தொடங்கும் சொல், மணி என்று பொருள்படும் ‘எர்’ உம் அப்படியே. ஆக 2 யூரோ ‘தெஃஸெரோ’, 12 யூரோ ‘தூஃஸெரோ’. மூன்று மணி ‘த்ருவாஃஸெர்’, பதின்மூன்று மணி ‘த்ரெஃஸெர்’. ஆறு மணி ‘ஸீஃஸெர்’, பதினாறு மணி ‘ஸெஃஸெர்’. கடைசிப் பகுதி எல்லாவற்றிலும் ஒன்றே. வேறுபடுவது நடுவில் உள்ள ஓர் உயிர் மட்டும். வேகமாகப் பேசுகிறவரிடம் நாம் கடைசி ஒலியைப் பிடித்துக்கொண்டு நடுவைக் கோட்டைவிடுகிறோம். மாலை நான்கு மணிக்குக் கொடுத்த சந்திப்புக்கு ஆறு மணிக்குப் போய் நிற்பது இப்படித்தான் நேர்கிறது.

பழக ஒரே வழி: இந்த ஆறையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்துச் சொல்வது. தெஃஸெரோ, தூஃஸெரோ. மறுபடி தூஃஸெரோ, தெஃஸெரோ. வீட்டில் யாராவது கலைத்துக் கலைத்துச் சொல்ல, நீங்கள் இலக்கத்தில் எழுதுங்கள். பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் அவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

மூன்றாம் படி: அறுபத்தொன்பது வரை

இதில் நின்று பேச அதிகம் இல்லை. 17 தீஸெத், 18 தீஃஸுயித், 19 தீஃஸ்நெஃப். பிறகு வேன் (20), த்ரான்த் (30), காரான்த் (40), ஸேங்கான்த் (50), ஸுவாஸான்த் (60). இவற்றோடு ஒன்று முதல் ஒன்பதைச் சேர்த்தால் போதும். ஒன்று சேரும்போது மட்டும் நடுவே ‘உம்’ என்று பொருள்படும் ஏ வரும்: வேன்தே-அன் (21), த்ரான்தே-அன் (31). 22 முதல் 29 வரை வேனின் த் லேசாகக் கேட்கும்: வேன்த்-தெ, வேன்த்-த்ருவா.

நான்காம் படி: எழுபது முதல் தொண்ணூற்றொன்பது வரை

எழுபதுக்குத் தனிப்பெயர் இல்லை. அறுபதோடு பத்து: ஸுவாஸான்த்-தீஸ். 71 அறுபதும் பதினொன்றும்: ஸுவாஸான்தே-ஓன்ஃஸ். 72 ஸுவாஸான்த்-தூஃஸ், 75 ஸுவாஸான்த்-கேன்ஃஸ், 79 ஸுவாஸான்த்-தீஃஸ்நெஃப். எண்பது என்பது நான்கு இருபது: காத்ரெ-வேன். 81 காத்ரெ-வேன்-அன், இங்கே ‘ஏ’ வராது, த் ஒலியும் வராது. தொண்ணூறு நான்கு இருபதும் பத்தும்: காத்ரெ-வேன்-தீஸ். அப்படியே 99 வரை: காத்ரெ-வேன்-தீஃஸ்நெஃப்.

இருபது இருபதாக எண்ணும் வழக்கம் ஒரு காலத்தில் இன்னும் பரந்திருந்தது. பாரிஸில் பாஸ்தீய் சதுக்கத்துக்குப் பக்கத்தில் கண் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி அரசர் பார்வையற்றோர் முந்நூறு பேருக்காக அதை நிறுவினார். அதன் பெயர் கேன்ஃஸ்-வேன், அதாவது பதினைந்து இருபது. இன்றும் அதே பெயரில்தான் இயங்குகிறது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதை ஸெப்தான்த் என்றும் தொண்ணூறை நோனான்த் என்றும் சொல்கிறார்கள். சுவிஸில் வோ, வலே, ஃப்ரிபூர் மாநிலங்களில் எண்பதுக்கு உயித்தான்த் என்ற சொல்லும் உண்டு. ஜெனிவாவிலும் பெல்ஜியத்திலும் எண்பது காத்ரெ-வேன்தான். இத்தனை தெளிவான சொற்களைப் பிரான்ஸ் கைவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. சுவிஸ் நகரமான லோஸானில் உறவினர் இருந்தால் இந்தச் சொற்களைக் காதில் போட்டுவையுங்கள். பாரிஸில் அவற்றைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் திருப்பிச் சொல்லும்போது ஸுவாஸான்த்-தீஸ் என்றுதான் வரும்.

பாரிஸ் வட்டாரத்தில் குடியேறுகிறவர் இந்த முப்பது எண்களிலிருந்து தப்பவே முடியாது. அந்த வட்டாரத்தின் எட்டு மாவட்டங்களுக்கும் உள்ள எண்கள் 75, 77, 78, 91, 92, 93, 94, 95. ஒன்றுகூட எழுபதுக்குக் கீழே இல்லை, எண்பதுகளிலும் இல்லை. அஞ்சல் குறியீடு இந்த எண்ணில்தான் தொடங்கும். லாச்சப்பல் கடைத்தெருவின் ஒரு பக்கம் 75010, இன்னொரு பக்கம் 75018. முன்னதை ‘ஸுவாஸான்த்-கேன்ஃஸ் மீல் தீஸ்’ என்று முழு எண்ணாகச் சொல்லலாம். ‘ஸுவாஸான்த்-கேன்ஃஸ் ஃஸெரோ தீஸ்’ என்று பிரித்தும் சொல்லலாம். லா கூர்நெவில் வீடு என்றால் 93120: காத்ரெ-வேன்-த்ரெஃஸ் மீல் ஸான் வேன். 93ஐப் பேச்சுவழக்கில் ‘நெஃப்-த்ருவா’ என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்வார்கள்.

இந்த வரிசையைக் கேட்டு எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும்: ஸுவாஸான்த் என்று கேட்டவுடன் 6 போடாதீர்கள். பேனாவைத் தூக்கியே வைத்திருங்கள். அடுத்து வருவது தெ என்றால் 62. தூஃஸ் என்றால் 72. த்ருவா என்றால் 63, த்ரெஃஸ் என்றால் 73. ஸீஸ் என்றால் 66, ஸெஃஸ் என்றால் 76. காத்ரெ-வேனிலும் இதே கதை: 82-92, 83-93, 86-96. அதே மூன்று ஜோடிகள், அதே உயிர் வேறுபாடு. ஜோடி முழுதும் காதில் விழுந்த பிறகு எழுதப் பழகினால் அடித்துத் திருத்தும் வேலை இருக்காது.

ஐந்தாம் படி: உங்களுடைய எண்கள்

நூறு எண்ணையும் சமமாகப் பழகுவதைவிட, தினமும் உங்களிடம் கேட்கப்படும் எண்களை முதலில் நாக்கில் ஏற்றிக்கொள்வது நல்லது. தொலைபேசி எண், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கட்டட வாசலில் அழுத்தும் கதவுக் குறியீடு, சமூகக் காப்பீட்டு எண். இவை தயங்காமல் வந்தால் அலுவலகத்தில் பாதி உரையாடல் நடந்துவிடும்.

பிரான்சில் தொலைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கம். 1996 அக்டோபரிலிருந்து இப்படித்தான். அதை இரண்டிரண்டாக ஐந்து ஜோடியாகச் சொல்வார்கள். 06 அல்லது 07 என்றால் கைபேசி. 01 பாரிஸ் வட்டாரத்து வீட்டுத் தொலைபேசியாக இருந்தது; 2023 முதல் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 06 39 98 72 16 என்ற எண்ணை வைத்துப் பார்ப்போம்: ‘ஃஸெரோ ஸீஸ், த்ரான்த்-நெஃப், காத்ரெ-வேன்-தீஃஸுயித், ஸுவாஸான்த்-தூஃஸ், ஸெஃஸ்.’ ஒவ்வொரு ஜோடிக்குப் பிறகும் சிறிய நிறுத்தம். அந்த நிறுத்தம்தான் உங்களுக்குத் துணை. ‘ஸுவாஸான்த்’ என்று சொல்லி நிறுத்தி, பிறகு ‘தூஃஸ்’ என்றால் அது 60 12. ஒரே மூச்சில் வந்தால் 72. எழுதி முடித்ததும் இலக்கங்களை எண்ணுங்கள். பத்துக்குக் குறைந்தால் எங்கோ இரண்டு ஜோடியை ஒன்றாக்கிவிட்டீர்கள். கூடினால் ஒன்றை உடைத்துவிட்டீர்கள்.

உங்கள் எண்ணைச் சொல்லும்போதும் இதே தாளத்தில் சொல்லுங்கள். நம் ஊரில் செய்வதுபோல ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் மனதுக்குள் ஜோடி சேர்க்கத் திணறுவார்.

சமூகக் காப்பீட்டு எண் பதினைந்து இலக்கம், அதைக் கேட்டால் பயம் வேண்டாம். முதல் இலக்கம் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. அடுத்து பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், பிறகு மாதம். இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவருக்கு அடுத்து வருவது 99, அதைத் தொடர்ந்து நாட்டுக் குறியீடு: இந்தியாவுக்கு 223, இலங்கைக்கு 235. காத்ரெ-வேன்-தீஃஸ்நெஃப், தெ ஸான் வேன்த்-த்ருவா. காத்ரெ-வேன்-தீஃஸ்நெஃப், தெ ஸான் த்ரான்த்-ஸேங்க். நம்மவர் பலருக்கும் இந்தப் பகுதி பொதுவானதால் அதை ஒரே துண்டாகப் பழகிக்கொள்ளலாம்.

இன்னும் நான்கு எண்கள் யோசிக்காமல் வர வேண்டும்: 15 மருத்துவ அவசரம், 17 போலீஸ், 18 தீயணைப்பு, 112 ஐரோப்பா முழுவதுக்குமான அவசர எண். கேன்ஃஸ், தீஸெத், தீஃஸுயித், ஸான் தூஃஸ்.

ஆறாம் படி: பணம்

விலை கேட்க ‘ஸா ஃபே கோம்பியேன்?’ போதும். பதிலில் யூரோ என்ற சொல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். சதத்தின் பெயரைச் சொல்வதில்லை. யூரோவுக்குப் பின்னால் வரும் எண்தான் சதம். ‘காத்ரெரோ வேன்’ என்றால் 4 யூரோ 20. ‘காத்ரெ-வேன்ஃஸெரோ’ என்றால் 80 யூரோ. இரண்டிலும் நான்கும் இருபதும்தான் இருக்கின்றன. யூரோ நடுவில் வந்ததா, கடைசியில் வந்ததா என்பதே வேறுபாடு. ஸேங்கெரோ (5), ஸேங்கான்தெரோ (50), ஸான்தெரோ (100) மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பழகுங்கள்.

எழுத்தில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிரான்சில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. சம்பளச் சீட்டில் 1 500,00 என்று இருந்தால் ஆயிரத்து ஐந்நூறு யூரோ. ஆயிரத்துக்குப் பிறகு இடைவெளி விடுவார்கள். நம் பழக்கத்தில் 1,500 என்று எழுதிக் கொடுத்தால் அதை ஒன்றரை என்று வாசிப்பார்கள். பெரிய தொகைகளில் மிலியோன் பத்து லட்சம், மிலியார் நூறு கோடி. ஆயிரத்துக்கு முன் ஒன்று சேர்க்கக்கூடாது, வெறும் மீல் போதும்.

காசோலை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுத வேண்டும். இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும். காசோலை கொடுக்கும் நாள் வந்தால் எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதுங்கள்.

கையெழுத்தில் வரும் இலக்கங்களையும் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுக்காரர் எழுதும் 1-க்கு இடப்பக்கம் நீண்ட கோடு ஏறி வரும். நம் கண்ணுக்கு அது 7 போலத் தெரியும். அவர்களுடைய 7-இல் நடுவே ஒரு குறுக்குக்கோடு இருக்கும். துண்டுச்சீட்டில் எழுதித்தந்த முகவரியை வாசிக்கும்போது குறுக்குக்கோட்டைத் தேடுங்கள்.

ஏழாம் படி: நேரமும் நாளும்

அலுவலகம், மருத்துவர், ரயில் எல்லாம் இருபத்துநான்கு மணிக் கணக்கு: ‘காதோர்ஃஸெர் த்ரான்த்’ என்றால் பிற்பகல் 2.30. நண்பர்களிடையே பன்னிரண்டு மணிக் கணக்கு: ‘ஸேங்கெர் ஏ தமி’ ஐந்தரை, ‘ஸீஃஸெர் முவேன் ல கார்’ ஐந்தே முக்கால். நண்பகல் மிதி, நள்ளிரவு மினுயி.

தேதியின் வரிசை நம்முடையதுதான்: நாள், மாதம், ஆண்டு. முதல் தேதிக்கு மட்டும் ‘ப்ரமியே’. மற்ற நாள்களுக்குச் சாதாரண எண். ஆண்டை முழுதாகச் சொல்ல வேண்டும்: 1988 ‘மீல் நெஃப் ஸான் காத்ரெ-வேன்-உயித்’.

வயதைச் சொல்லும்போது பிரெஞ்சில் வயது ‘இருக்கிறது’ என்பதில்லை, ‘என்னிடம் இத்தனை ஆண்டு உண்டு’ என்பதே அமைப்பு: ‘ஃஜே த்ரான்தான்’, எனக்கு முப்பது வயது. ஆண்டைக் குறிக்கும் ஆன் கட்டாயம் வர வேண்டும், எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தக்கூடாது.

நாள்கணக்கில் ஏமாற வைக்கும் வழக்கு ஒன்று உண்டு. ‘உயி ஃஜூர்’ என்றால் சொல்லுக்கு எட்டு நாள், பேச்சில் ஒரு வாரம். ‘கேன்ஃஸ் ஃஜூர்’ சொல்லுக்குப் பதினைந்து நாள், பேச்சில் இரண்டு வாரம். மருத்துவர் ‘கேன்ஃஸ் ஃஜூர் கழித்து வாருங்கள்’ என்றால் பதினைந்தை எண்ணிப் பார்க்க வேண்டாம், அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் அதே கிழமை. ‘மார்தி ஆன் உயித்’ என்று யாராவது சொன்னால் வரும் செவ்வாய் அல்ல, அதற்கு அடுத்த செவ்வாய்.

பழகும் இடங்கள்

கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவருக்குச் சொல்லும் விலையைக் கேளுங்கள், மனதில் எழுதுங்கள், பிறகு கல்லாத் திரையைப் பாருங்கள். விடை உடனே தெரியும், யாரும் உங்களைத் திருத்தக் காத்திருப்பதில்லை. தெருவில் நடக்கையில் வண்டிகளின் எண் பலகை இருக்கிறது. 2009-இலிருந்து வந்த பலகைகளில் எழுத்துகளுக்கு நடுவே மூன்று இலக்கம் இருக்கும். அதை முழு எண்ணாகச் சொல்லுங்கள். 472 என்றால் காத்ர் ஸான் ஸுவாஸான்த்-தூஃஸ். வலப்பக்க நீலப் பட்டையில் மாவட்ட எண்ணும் இருக்கும். எழுபதும் தொண்ணூறும் பழக இதைவிட நல்ல இடம் நான் அறியேன்.

புரியாதபோது கேட்கத் தயங்க வேண்டாம். ‘பார்தோன், வூ பூவே ரெபெதே?’ என்றால் மறுபடி சொல்வார்கள், ஆனால் பெரும்பாலும் அதே வேகத்தில். ‘ப்லு லான்த்மான், ஸில் வூ ப்லே’ என்று மெதுவாகச் சொல்லும்படி கேட்கலாம். அதையும்விடப் பயனுள்ளது ‘ஷிஃப்ர் பார் ஷிஃப்ர், ஸில் வூ ப்லே’: இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள் என்று. அப்போது 72 ‘ஸெத், தெ’ ஆகிவிடும், 96 ‘நெஃப், ஸீஸ்’ ஆகிவிடும். இரண்டா பன்னிரண்டா என்று சந்தேகம் வந்தால் ‘அன்-தெ?’ என்று கேட்டால் போதும். பன்னிரண்டு என்றால் ‘வீ’ (ஆம்) என்பார்கள். நேரில் என்றால் விரலைக் காட்டலாம். பிரெஞ்சுக்காரர் கட்டைவிரலில் எண்ணத் தொடங்குவார்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நீட்டினால் இரண்டு.

சந்திப்பு நேரம் தொலைபேசியில் கிடைத்தால், வைப்பதற்கு முன் நீங்கள் எழுதியதைத் திருப்பி வாசித்துவிடுங்கள்: கிழமை, தேதி, மணி என்ற வரிசையில். ‘மார்தி ஸெஃஸ், ஆ ஸெஃஸெர், ஸே ஸா?’ செவ்வாய் பதினாறாம் தேதி, பதினாறு மணி, சரிதானே? எதிர்முனையில் ‘நோன், ஸீஃஸெர்’ என்று வந்தால் அங்கேயே மாற்றி எழுதிக்கொள்ளலாம்.